குலுக்கிக் கொடுத்த கை

கார் பாலிஷ் கெட்டுப்போகாது என்றுதான் முக்கால்வாசிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பாலா தயிரா, வாடை வந்தால் கொட்டிவிட. மூடி இறுக்கமாக இருந்தால் பத்து வருஷம் கிடக்கும் என்பார்கள். கிடக்காது. திறக்காத பாட்டில் இரண்டு மூன்று வருஷம் தாங்கும். திறந்துவிட்டால் ஒரு வருஷம், மிஞ்சிப்போனால் ஒன்றரை. பெயிண்டின் மேல் காப்பாகப் பூசுகிற சீலன்ட் அதைவிட ரோஷக்காரச் சாமான். காற்றுப் பட்ட அன்றைக்கே நாளை எண்ண ஆரம்பித்துவிட வேண்டும். இதெல்லாம் உனக்கும் தெரியும். பெயிண்ட் கடையில் வண்டிக்கு நிறம் கலந்து கொடுத்தவள் நீ. இருந்தாலும் ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் எனக்குக் கோவையாக வரும். பொறுத்துக்கொள்.

பாட்டிலை மேஜை மேலேயே வை. காகிதத்தை நான் படித்துவிட்டேன். நான்கு வருஷம் அதைப் பத்திரமாக வைத்திருந்து, பாலிஷ் கம்பெனி ஆள் உன் கடைக்கு வந்தபோது கொடுத்துச் சோதிக்கச் சொல்லியிருக்கிறாய். அதே நாளில் தயாரித்த இன்னொரு பாட்டிலை அவர்கள் எடுத்து வைத்திருப்பார்களாம். அதோடு ஒப்பிட்டுப் பார்த்து எழுதியிருக்கிறார்கள்: சரக்கில் குறை இல்லை, இந்த ஒரு பாட்டில் மட்டும் உறைந்து உருகியிருக்கிறது, அதுவும் ஒரு முறைக்கு மேல். எப்படி உறைந்தது என்று கேட்கிறாய். நியாயமான கேள்விதான்.

என் தம்பி மாடியில் தூங்குகிறான். மத்தியானம் மாத்திரை போட்டுக்கொண்டால் நாலு மணிக்குத்தான் எழுந்திருப்பான். அதற்குள் சொல்லி முடித்துவிடுகிறேன். அவன் இறங்கி வந்த பிறகு அவனிடம் சொல்வதா வேண்டாமா என்பது உன் இஷ்டம். நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

எங்கள் பட்டறையில் ஒரு பேச்சு உண்டு. பாட்டில் ‘தெளிஞ்சுடுச்சு’ என்றால் கெட்ட செய்தி. மற்றவர்களுக்கு மனம் தெளிய வேண்டும், தண்ணீர் தெளிய வேண்டும். எங்களுக்கு மேலே தெளிவாக நின்றால் வம்பு. எண்ணெய் மேலே ஏறிவிட்டது, தேய்க்கிற பொடி அடியில் இறங்கிவிட்டது, இரண்டும் பிரிந்துவிட்டன என்று அர்த்தம். கலங்கலாக இருக்கிற வரைக்கும்தான் அது பாலிஷ். பிரிந்ததெல்லாம் போயிற்று என்றும் இல்லை. குலுக்கினால் சேர்ந்துகொள்கிற பிரிவு ஒன்று. எவ்வளவு குலுக்கினாலும் சேர்ந்தது மாதிரி நடிக்கிற பிரிவு இன்னொன்று. இரண்டாவதை வெறும் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. வண்டியில் தடவின பிறகுதான் வேஷம் கலையும்.

அதற்குத்தான் நான் இருந்தேன். வண்டி அவனுக்கு, அலமாரி எனக்கு. எந்தப் பாட்டிலைத் திறந்தாலும் அன்றைய தேதியைக் காகித டேப்பில் எழுதி ஒட்டுவேன். திங்கட்கிழமை தோறும் எல்லாப் பாட்டிலையும் தலைகீழாகத் திருப்பி வைப்பேன், அடியில் எதுவும் கெட்டியாகத் தங்கிவிடாமல் இருக்க. அலமாரி இருந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. வெயிலும் ஆகாது, குளிரும் ஆகாது என்று நான்தான் அந்த அறையைத் தேர்ந்தெடுத்தேன். அவன் வண்டிப் பக்கம் குனிந்தபடியே கையைப் பின்னால் நீட்டுவான். நான் பாட்டிலை இருபது தடவை குலுக்கி, மூடியைத் திறந்து அந்தக் கையில் வைப்பேன். இருபத்தோரு வருஷத்தில் ஒரு தடவைகூட அவன் டேப்பைத் திருப்பிப் பார்த்ததில்லை. நீதான் பார்ப்பதே இல்லையே, நான் எதற்கடா மாய்ந்து மாய்ந்து தேதி எழுதுகிறேன் என்று ஒரு நாள் கேட்டேன்.

“நீ பார்த்திருப்பியே அக்கா, அது போதாதா” என்றான்.

அவனுக்கு இந்தத் தெருவில் கண்ணாடி என்றுதான் பெயர். அவன் கை வைத்த வண்டியில் முகம் பார்த்துத் தலை வாரலாம். உண்மையாகவே வாருவார்கள். எதிர்த்த மருந்துக் கடைக்காரர் தினமும் எங்கள் வாசலில் நிற்கிற ஏதாவது ஒரு வண்டியில் குனிந்து மீசையைச் சரி செய்துகொண்டுதான் கடையைத் திறப்பார். அழுத்தமும் வேகமும் அவன் கைக்குத் தானாக வரும். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. சொல்லிக் கொடுக்கவும் முடியாது.

அம்மா போனபோது அவனுக்கு ஐந்து வயது, எனக்குப் பதினாறு. அப்பா அதற்கு முன்பே வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார். பிறகு என்னைக் கட்டிக்கொள்ள இரண்டு பேர் கேட்டார்கள். தம்பியை எங்காவது விடுதியில் சேர்த்துவிடலாமா என்று இரண்டு பேருமே கேட்டார்கள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. இதை நான் தியாகம் என்று ஒரு நாளும் சொல்லிக்கொண்டதில்லை. சொல்லாமலே அவனுக்குத் தெரியும்படி பார்த்துக்கொண்டேன்.

நீ வந்தபோது எனக்கு உன்மேல் கோபம் இல்லை. சத்தியமாக இல்லை. ஒரு வெள்ளை வண்டிக்கு நிறம் பொருத்திப் பார்க்க உன் கடைக்கு மூன்று தடவை போனான். வெள்ளையில் என்னடா அப்படிப் பார்க்க இருக்கிறது என்று கேட்டதற்கு, வெள்ளையில்தான் நிறைய இருக்கிறது என்றான். முப்பத்தைந்து வயதில் காது சிவந்தது அவனுக்கு. நான் சிரித்துவிட்டேன். நீ முதல் தடவை வீட்டுக்கு வந்த அன்று உன் நகக்கண்ணில் நீல பெயிண்ட் இருந்தது. பாத்திரம் தேய்க்க நீயாக எழுந்து போனாய். அவன் கூப்பிடுவதைக் கேட்டு நீயும் என்னை அக்கா என்றே கூப்பிட்டாய். எனக்கு அது பிடித்திருந்தது. மூன்று பேருக்கும் இந்த வீடு போதும் என்று மனசுக்குள் அறையைக்கூடப் பிரித்துப் பார்த்தேன்.

அதற்கு அடுத்த மாதம் சாப்பாட்டு மேஜையில் அவன் அதைச் சொன்னான். வேறு ஊரில் ஒரு பெரிய பட்டறை, நாற்பது பேர் வேலை செய்கிறார்கள், இவனைத் தலைமை ஆளாகக் கூப்பிடுகிறார்கள். அங்கே உனக்கும் பெயிண்ட் பிரிவில் இடம் இருக்கிறது. மேனேஜர் ஒரு நாள் வந்து இவன் கை வேலையை நேரில் பார்த்துவிட்டு முடிவு சொல்வார்.

“நாங்க தனியாப் போறோம் அக்கா. நீயும் வாயேன்” என்றான்.

வா என்பது வேறு, வாயேன் என்பது வேறு. வா என்றால் வந்தாக வேண்டும். வாயேன் என்றால் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. அவனுக்கு அந்த வித்தியாசம் தெரிந்திருக்காது. அவன் வாய் தவறிக்கூட என்னை நோகடிப்பவன் இல்லை. ஆனால் எனக்குக் கேட்டுவிட்டது. நான் எதற்கு, பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

முதல் தடவை நடந்தது தவறுதான். அதை நீ நம்ப வேண்டும். அந்தத் திங்கட்கிழமை நான் பாட்டில்களைத் திருப்பி வைக்கவில்லை. மனசு ஒரு நிலையில் இல்லை. புதன்கிழமை அவன் கையை நீட்டியபோது பின்வரிசையில் இருந்த பழைய பாட்டில் ஒன்று என் கையில் வந்தது. ஏதோ நினைப்பில் நாலு தடவை குலுக்கிக் கொடுத்துவிட்டேன். பல் டாக்டரின் கறுப்பு வண்டி. தடவினான், காயவிட்டான், துடைத்தான். பானெட் முழுக்கப் புகை படிந்த மாதிரி ஒரு மங்கல். மறுபடி துடைத்தான், போகவில்லை. டாக்டர் வண்டியை வெயிலில் நகர்த்தி நிறுத்திச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பரவாயில்லை என்றார். அவர் குரலில் பரவாயில்லை என்பது இல்லை.

தம்பி பாட்டிலைப் பார்க்கவில்லை. தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அழுத்தம் சரியாக விழவில்லை போலிருக்கிறது என்றான். நான்தான் டேப்பைப் பார்த்தேன். திறந்து இரண்டு வருஷம் தாண்டியிருந்தது. என் வாழ்க்கையில் நான் கொடுத்த முதல் கெட்ட பாட்டில். வெட்கமாக இருந்தது. அதை என் பைக்குள் போட்டுக்கொண்டு, சாப்பிடும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

சாப்பிடும்போது அவன் முந்திக்கொண்டான். மேனேஜரை ஒரு மாதம் கழித்து வரச் சொல்லலாம் என்று நினைக்கிறேன், கொஞ்சம் கை பழகட்டும் என்றான். நான் அவன் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தேன். அன்றைக்கு நான் செய்தது அவ்வளவுதான். சும்மா இருந்தேன். சும்மா இருப்பது குற்றம் என்றால் பாதி உலகத்தைப் பிடித்து உள்ளே போட வேண்டியிருக்கும்.

அந்த மாதம் எங்களுக்குள் நல்ல மாதம். சாயங்காலம் பட்டறையைப் பூட்டிவிட்டு இரண்டு பேரும் நடந்தே வீட்டுக்கு வருவோம். பழைய கதவுத் தகடுகளை வாங்கி வந்து வைத்துக்கொண்டு அவன் பழகிப் பார்த்தான். நான் நல்ல பாட்டிலாகப் பார்த்துப் பார்த்துக் கொடுத்தேன். தகடுகள் பளபளவென்று வந்தன. மாதக் கடைசியில் அவன் தெம்பாகிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை நீயும் அவனும் போய்ப் பெட்டி வாங்கி வந்தீர்கள். சக்கரம் வைத்த பச்சைப் பெட்டி. அதைக் கூடத்தில் வைத்து இப்படியும் அப்படியும் உருட்டிக் காட்டினான், சின்னப் பிள்ளை மாதிரி.

பழைய பாட்டிலை நான் தூக்கிப் போட்டிருக்கவில்லை. செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூட ஆசிரியை ஒருவரின் சிவப்பு வண்டி வந்தது. அவன் கையை நீட்டினான். இந்தத் தடவை தெரிந்தேதான் கொடுத்தேன். ஆனால் அந்தப் பாட்டிலை நான் கெடுக்கவில்லை, அது தானாகக் கெட்டிருந்தது. அந்த வித்தியாசம் அப்போது எனக்குப் பெரிதாகப் பட்டது. இருபது தடவை ஒழுங்காகக் குலுக்கிக் கொடுத்தேன்.

ஆசிரியை நல்ல மாதிரி. வெள்ளைக் கோடுகளைக் காட்டி, இது என்ன என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகுதான் டம்ளர் விஷயம் ஆரம்பித்தது. டம்ளர் நிறையத் தண்ணீர் எடுத்துக் கையில் பிடித்து, தண்ணீர் ஆடுகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்பான். டம்ளரை அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தால் யார் கையிலும் தண்ணீர் ஆடும். நான் அதை அவனிடம் சொல்லவில்லை. நரம்பு டாக்டர் ஒருவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் தட்டிப் பார்த்து, ஊசியால் குத்திப் பார்த்து, ஒன்றும் இல்லை என்றார். ஒன்றும் இல்லை என்றதும் அவனுக்குப் பயம் இரண்டு மடங்கு ஆயிற்று. ஏதாவது இருந்தால் மருந்து சாப்பிடலாம், ஒன்றும் இல்லாததற்கு என்ன செய்வது. திரும்பி வருகிற வழியெல்லாம் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டே வந்தான். சின்ன வயதில் தெருவைக் கடக்கும்போது அப்படித்தான் பிடிப்பான்.

அவன் அப்படிப் பயந்ததைப் பார்க்க எனக்கு நெஞ்சு பிளந்தது. நீ நம்பமாட்டாய். ஆனால் அவனுக்குத் தலைவலி என்றால் எனக்கும் சாப்பாடு இறங்காது, இப்போதும் அப்படித்தான். ஒரு பக்கம் அவனோடு சேர்ந்து அழுதேன். இன்னொரு பக்கம் அலமாரியில் என் வேலையைப் பார்த்தேன். இரண்டுக்கும் நடுவில் எனக்கு ஒரு சண்டையும் வரவில்லை.

இந்தச் சமயத்தில் நீ ஒரு காரியம் செய்தாய். ஒரு நாள் பட்டறைக்கு வந்து, கை கை என்று சொல்கிறீர்களே, சரக்கை யாராவது பார்த்தீர்களா என்று அவனிடம் கேட்டாய். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். உன்னை அன்றைக்கு நான் மனசார மெச்சினேன். நிறம் கலக்கிறவளுக்குத்தான் அது தோன்றும். அவன் உன்னிடம் குரலை உயர்த்திப் பேசினது அந்த ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன்.

“பாட்டில் எங்க அக்கா குடுத்தது. அதுல தப்பு இருக்காது” என்றான்.

நான் உள்ளே போய் ஸ்டூலில் உட்கார்ந்தேன். அப்போதே வெளியே வந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. ஆனால் அவன் அப்படிச் சொன்ன பிறகு எப்படிச் சொல்வது. அந்த நம்பிக்கையை உடைக்க எனக்கு மனசு வரவில்லை.

அவன் தெளிந்துவிட்டான், பிறகு. நீதான் தேற்றினாய். மேனேஜர் வருகிற தேதியை நீயே பேசி முடித்தாய். பத்து நாள் இருந்தது. பழைய பாட்டில் தீர்ந்துவிட்டது. அலமாரியில் எல்லாமே நல்ல சரக்கு. அதுதான் என் பிரச்சினை.

புது பாட்டில் ஒன்றைச் சமையலறை ஃப்ரிட்ஜின் ஐஸ் தட்டில் வைத்தேன், பட்டாணிப் பாக்கெட்டுக்குப் பின்னால். கல்லாக இறுகினதும் எடுத்து உருகவிட்டேன். மறுபடி வைத்தேன். மூன்று தடவை. இருபது வருஷமாக எதிலிருந்து பாட்டிலைக் காப்பாற்றினேனோ அதைத்தான் செய்தேன், அதனால் பிழை இல்லாமல் செய்ய முடிந்தது. உள்ளே பொடியெல்லாம் மணல் மணலாகத் திரண்டிருக்கும். குலுக்கினால் வெளிப்பார்வைக்குப் புத்தம் புதுசு. காகிதத்தில் உன் கம்பெனிக்காரர்கள் எழுதியிருப்பது சரிதான். கெட்டிக்காரர்கள்.

இரண்டாம் தடவை வைத்திருந்தபோது அவன் அதைப் பார்த்துவிட்டான். மணிக்கட்டுக்கு ஐஸ் வைத்தால் கை உறுதியாகும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள், தினமும் காலையில் வைத்துக்கொள்வான். ஐஸ் எடுக்கக் கதவைத் திறந்தவன் பாட்டிலைக் கையில் எடுத்துவிட்டான். நான் அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

“பாலிஷ் எதுக்கு அக்கா இங்க இருக்கு?”

“நாள் தாங்கும்டா. மேனேஜர் வர்ற அன்னிக்குன்னு வெச்சிருக்கேன்.”

“நீ எனக்காக எவ்வளவு பண்ற” என்றான். பாட்டிலை இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தான். பட்டாணிப் பாக்கெட்டையும் அதற்கு முன்னால் சரியாக நகர்த்தி வைத்தான். அவன் எப்போதும் ஒழுங்கு.

அந்த நாளை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, நீயும் இருந்தாய். மேனேஜர் தன் வண்டியிலேயே வந்தார், அடர்நீலம். தம்பி குளித்து, சட்டையை இஸ்திரி போட்டு, அதற்கு மேல் அங்கியை மாட்டியிருந்தான். கையை நீட்டினான். நான் வைத்தேன். பாலிஷ் தேய்க்கிற மெஷினைப் பிடித்த அவன் கை கல் மாதிரி நின்றது, துளி நடுக்கம் இல்லை. நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். அதைப்போல அழகான வேலையை அவன் செய்ததில்லை. துடைத்தபோது பானெட் முழுக்க வட்ட வட்டமாகக் கீறல். மேனேஜர் விரலால் ஒரு இடத்தைத் தடவிப் பார்த்தார். அவனைத் திட்டவில்லை. தோளில் கையை வைத்து, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால் அவன் தாங்கியிருப்பான்.

அன்று சாயங்காலம் அவன் உன்னிடம் என்ன பேசினான் என்பது எனக்குத் தெரியும். அலமாரி அறையின் சுவர் மெல்லிசு. தன்னை விட்டுவிடச் சொன்னான். இன்னும் இரண்டு வருஷத்தில் நீ எனக்குச் சோறு ஊட்டத்தான் வேண்டியிருக்கும், அதற்கா உன்னைக் கட்டிக்கொள்வது என்றான். நீ ஒன்றரை மணி நேரம் மன்றாடினாய். ஊட்டுகிறேன் என்றாய். அந்த வார்த்தையைக் கேட்டபோது நான் டேப்பில் தேதி எழுதிக்கொண்டிருந்தேன். எழுத்து கோணிக்கொண்டது. எழுந்து வந்து சொல்லிவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது. ஸ்டூலின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு நீ போகும்போது தரையில் கிடந்த பாட்டிலை எடுத்துப் பைக்குள் வைத்ததைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். ஞாபகத்துக்கு எடுத்துப் போகிறாய் என்றுதான் நினைத்தேன். பாவம் என்று விட்டுவிட்டேன்.

நான்கு வருஷம். இப்போது இரண்டு ஆட்கள் வண்டி வேலை பார்க்கிறார்கள். அவர்களுக்கும் நான்தான் குலுக்கிக் கொடுக்கிறேன். இதுவரை ஒரு வண்டியிலும் குறை வந்ததில்லை. அவன் கால்மிதிகளைக் கழுவுகிறான், சீட்டைத் தட்டுகிறான், சும்மா இருக்கும்போது கைகளை அக்குளுக்குள் வைத்துக்கொள்கிறான். பாட்டிலால் வந்த நடுக்கம் இல்லை அது, அவன் நினைப்பால் வந்தது. ஆனால் வந்துவிட்டது. டீயை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிக்கிறான். வேறொரு டாக்டர் நரம்புக்கு என்று மாத்திரை கொடுத்தார். அதைச் சாப்பிட்டால் தூங்குகிறான், உடம்பும் உப்பிவிட்டது. நீ பார்த்தால் அடையாளம் தெரியாமல் போகலாம், அதற்கும் தயாராக இரு. பச்சைப் பெட்டியில் குளிர்காலத் துணிகளை வைத்திருக்கிறோம். சட்டைப் பொத்தானை நான் போட்டுவிடும்போது, உனக்குப் பாரமாக இருக்கிறேன் அக்கா என்பான். எனக்கு நீ பாரமாடா என்பேன். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

உன் போனைக் கவிழ்த்து வைத்திருக்கிறாய், எல்லாம் பதிவாகிறது என்பது தெரியும். இருக்கட்டும். அவனுக்குப் போட்டுக் காட்டு. கேட்டுவிட்டு அவன் என் முகத்தைத்தான் பார்ப்பான், அக்கா இதெல்லாம் நிஜமா என்று கேட்பான். நான் என்ன பதில் சொல்வேன் என்று எனக்கு இந்த நிமிஷம் வரை தெரியவில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. உன் காகிதத்தில் இல்லாதது. இதுவரை சொன்னதெல்லாம் பாட்டில் செய்த வேலை என்று நீ ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம். இது அப்படி இல்லை.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஆட்கள் இரண்டு பேரும் விடுப்பில் போயிருந்த ஒரு மத்தியானம். மாத்திரையை அவன் அன்று போட்டுக்கொள்ளவில்லை. நான் கடைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தபோது பட்டறைக்குள் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். பழைய கதவுத் தகடு ஒன்றை மேஜையில் சாய்த்து வைத்துக்கொண்டு அவன் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான். பாட்டிலை அவனே அலமாரியில் இருந்து எடுத்திருந்தான். அவனே குலுக்கியிருந்தான். நான் உள்ளே போகாமல் வாசலில் நின்றேன். அவன் கை முதலில் நடுங்கியது. பிறகு நின்றுவிட்டது. பழைய மாதிரி, தோளில் இருந்து வருகிற அந்த அசைவு. மெஷினை வைத்துவிட்டுத் துணியால் துடைத்தான். தகட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தான். மேலே ட்யூப் லைட் அதற்குள் ஒரு கோடாக, கம்பி இழுத்த மாதிரி நேராக விழுந்திருந்தது. பட்டறையில் எத்தனையோ வண்டி பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு பளபளப்பை நான் பார்த்ததில்லை.

அவன் என்னைப் பார்த்துவிட்டான். முகத்தில் சிரிப்பு வரலாமா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தது.

“அக்கா, கொஞ்சம் வந்து பாரேன். என் கண்ணை நான் நம்பறதில்ல. சரியா வந்திருக்கா?”

கிட்டப் போனேன். தகட்டில் நாங்கள் இரண்டு பேரும் தெரிந்தோம். அவன் முகம், பக்கத்தில் என் முகம். என் பதிலுக்காக அவன் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது அதில் தெரிந்தது. பாட்டிலில் குறை இல்லை, கையில் குறை இல்லை, நான் எதையும் செய்திருக்கவில்லை. சரியாக வந்திருக்கிறது என்று சொன்னால் போதும், அவன் அன்றைக்கே உனக்குப் போன் செய்திருப்பான்.

“லேசா புகை தெரியுதுடா” என்றேன்.

அவன் தலையை ஆட்டினான். அப்படித்தான் நினைத்தேன் என்றான். துணியை மடித்து வைத்தான், மெஷினின் வயரைச் சுற்றினான், தகட்டைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனான். அதற்குப் பிறகு மெஷினைத் தொடவில்லை. மூன்று தடவை பாட்டில் கொடுத்தும் ஆகாதது அந்த மூன்று வார்த்தையில் முடிந்தது.

மணி நாலு ஆகப் போகிறது. படியில் சத்தம் கேட்கிறது, எழுந்துவிட்டான். நான் செய்தது அவ்வளவையும் நீ அவனிடம் சொல்லிக்கொள், ஐஸ் தட்டு, பழைய பாட்டில், எல்லாம். கடைசியில் சொன்னதை மட்டும் பொய் என்று சொல்லிவிடாதே. நான் அவனிடம் பொய் பேசியதே கிடையாது. அந்த நேரம் என் கண் நிறைந்திருந்தது. எனக்கு நிஜமாகவே புகையாகத்தான் தெரிந்தது.